வலது காலின் கீழே ஒரு குடித்தனம்

பெரம்பூர் சாந்தம் அடுக்ககத்தில் எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படியேறுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒலி வரம்புச் சட்டம் வந்த பிறகு மாடிக்கு ஒரு சத்தமானி பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். செருப்பு விஷயம் சங்கச் செயலாளர் கோதண்டம் தாமாகச் சேர்த்துக்கொண்டது. அவர் ஆயுள் முழுக்க நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையை ஓய்வு பெற்ற அன்றைக்குக் கூடவே கொண்டுவந்து தம் வீட்டு வாசலில் மாட்டிவிட்டார். பொதுச் சொத்துதான். ஆனால் கழற்றும்போது சத்தம் வராமல் கழற்றியதால் யாருக்கும் தெரியவில்லை.

அவருடைய தலைக்கு நேர் மேலே சகாயதாஸ் குடியிருந்தான். தொழில், டிரம்ஸ் வாசிப்பது. தரகர் வைத்துத் தேடினாலும் இப்படி ஒரு பொருத்தம் அமைந்திருக்காது.

சகாயத்தின் பழைய டிரம்ஸ் செட் பல பொதுக்குழுக் கூட்டங்களைக் கண்டது. கடைசிக் கூட்டத்தில், மேலே அவன் வாசிக்கும்போது தம் வீட்டு மாவடு ஜாடியில் அலையடிக்கிறது என்று கோதண்டம் சாட்சி சொன்னார். சாட்சிக்கு ஜாடியும் வந்திருந்தது. ஜாடியைப் பார்த்ததும் சகாயம் தோல்வியை ஒப்புக்கொண்டான். செட்டை விற்றுவிட்டு எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினான்.

அது கறுப்பு ரப்பர் வட்டங்கள், கீழே ஒரு பெடல், காதுக்கு ஒரு ஹெட்போன். வாசிக்கிறவன் காதுக்குள் இடி முழங்கும். பக்கத்தில் நிற்பவருக்கோ, அப்பளம் காயும் தட்டுகளிலிருந்து ஒருவன் காக்காய் விரட்டுவது போலத் தெரியும். அவன் மனைவி ரெஜினா முதல் நாள் இடுப்பில் கைவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“இன்னா வாசிக்கிற நீ? எனக்கு ஒண்ணுமே கேக்கல. பேய் புடிச்சவன் மாதிரி கீற.”

“கேக்காம இருக்கத்தானே இத்த வாங்கினது?”

“அப்ப வாசிக்காமயே இருந்திருக்கலாம். காசு மிச்சம்.”

வாசிக்காமல் இருக்க அவனால் முடியாது. வருஷக்கணக்காகக் கல்யாண வரவேற்புகளில், யாரும் கேட்காத பாட்டுகளுக்குப் பிரியாணியின் முன்னும் பின்னும் வாசித்துத் தேய்ந்தவன். இப்போது மகபூப் அண்ணன் தன் குழுவுக்கு ஆள் எடுக்கிறார் என்று தகவல் வந்திருந்தது. தை மாதம் மலேசியா, சிங்கப்பூர். கேட்பதற்கென்றே டிக்கெட் எடுத்து வரும் ஜனங்கள். சகாயம் தன் வாழ்நாளில் சாப்பாட்டுத் தட்டு இல்லாத கூட்டத்தின் முன்னால் வாசித்ததே கிடையாது. ஒரே ஒரு தடவை அப்படி வாசித்துவிட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. காலையும் மத்தியானமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

டிரம்ஸில் கைகளுக்கு ஆயிரம் ஜாலம் உண்டு. வலது காலுக்கு ஒரே வேலைதான். கிக் என்று சொல்வார்கள். மிதி, விடு, மிதி, விடு. பாட்டைத் தூக்கி நிறுத்துவது அதுதான். அந்தக் கால் முதலில் எப்போதும் நிதான வேகத்தில் வெகுநேரம் மிதித்துச் சூடேற்றிக்கொண்டுதான் ஓடும். ரப்பர் வட்டங்கள் சத்தத்தை விழுங்கிவிட்டன. காலின் மிதியை விழுங்க ஆளில்லை. அது பெடல் வழியாகத் தளத்துக்கு இறங்கி, தளத்திலிருந்து சுவருக்கு இறங்கி, சுவரிலிருந்து கோதண்டத்தின் கட்டிலுக்கு இறங்கியது.

ஒரு நாள் கோதண்டம் மேலே வந்தார்.

“மிஸ்டர் சகாயதாஸ், சத்தம் வரலை.”

“சந்தோஷம் சார்.”

“அதான் பிரச்சனை. சத்தம் வந்தா மானியில ஏறும், நான் புகார் எழுதலாம். இது சத்தமே போடாம இறங்குது. மத்தியானம் கண்ணசந்தா யாரோ நெஞ்சுல விரலால தட்டிக் கூப்பிடற மாதிரி இருக்கு.”

“யாரு சார் கூப்பிடறது?”

“அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

அப்போது அவருக்கு நெஞ்சில் புதிதாக ஒரு கருவி வைத்திருந்தார்கள். பழைய பேஸ்மேக்கரின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். ‘துணைவன்’ என்று பெயர். இதயம் தடுமாறினால் தாளம் போட்டுக் கொடுக்கும். அந்த வயதுக்காரர்களில் பாதிப் பேர் நெஞ்சில் அது இருந்தது. கண்ணாடி போட்டுக்கொள்வது போல அது சகஜமாகிவிட்டிருந்தது. ஆகவே சகாயம் அதைப் பற்றி யோசிக்கவில்லை. ஆறேழு மாதம் அவரிடம் வாரத்துக்கொரு முறை திட்டு வாங்கினான். பொறுக்க முடியாமல் போன பிறகு டென்னிஸ் பந்துகளைப் பாதியாக அறுத்து, கவிழ்த்து வைத்து, மேலே பலகை போட்டு, அதன் மேல் ஒரு பழைய மெத்தையைப் போட்டு, செட்டைத் தூக்கி வைத்தான்.

மறுநாள் கோதண்டம் வாசலில் நின்று, வாழ்நாளில் முதல் தடவையாக, “தேங்க்ஸ்” என்றார். அதற்கு மறுநாள் குளியலறையில் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அந்தக் காலத்தில் ஆம்புலன்ஸும் ஊமைதான். விளக்கு மட்டும் சுற்றும். வந்ததும் போனதும் அக்கம்பக்கத்துக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து, துணைவன் கம்பெனியிலிருந்து நிலோஃபர் என்ற இளம் பொறியாளர் வந்தாள். கோதண்டம் வீட்டுக்குள் போனவள், கையிலிருந்த கருவியை, நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு போவது போலப் பிடித்துக்கொண்டு, அது இழுத்த இழுப்பில் மாடியேறி சகாயத்தின் வீட்டில் வந்து நின்றாள். பின்னாலேயே கோதண்டத்தின் மனைவி பங்கஜவல்லியும் மூச்சு வாங்க வந்தாள்.

“இங்க யாரோட கால்?” என்று கேட்டாள் நிலோஃபர்.

“கால்னா?”

“இந்த வீட்டுல யாரோ காலால எதையோ ஒழுங்கா மிதிக்கிறாங்க. தையல் மெஷினா?”

சகாயம் டிரம்ஸைக் காட்டினான். நிலோஃபர் மெத்தையையும் அறுத்த பந்துகளையும் பார்த்துவிட்டு, நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“எப்ப சார் இந்த மெத்தை போட்டீங்க?”

“அவர் விழுறதுக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள்.”

“அதான். சார், துணைவன் தானா துடிக்கிற கருவி இல்ல. பழைய கருவிங்க கடிகாரம் மாதிரி அடிக்கும், ஆளுக்கு ஒத்துக்காது. இது பக்கத்துல இருக்கிற உயிரோட துடிப்பைப் பார்த்துப் பழகும். ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல தூங்கினா அவங்க இதயம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகும்னு கண்டுபிடிச்சாங்க. அதை வெச்சு செஞ்சதுதான். வழக்கமா வீட்டுக்காரம்மாவோட இதயத்தைப் பிடிச்சுக்கும். அதனாலதான் அந்தப் பேரே.”

“இவர் எதைப் புடிச்சாரு?” என்றாள் ரெஜினா.

நிலோஃபர் பங்கஜவல்லியைச் சங்கடத்தோடு பார்த்தாள். “அவங்க ரெண்டு பேரும் தனித்தனி ரூம்ல படுக்கறாங்க. கட்டிலுக்குப் பக்கத்துல துணைவனுக்கு வேற உயிர் கிடைக்கலை. மேலேருந்துதான் ஒண்ணு வந்துது. காலையும் மத்தியானமும், தவறாம.”

ரெஜினா கணவனின் காலைப் பார்த்தாள். சகாயமும் பார்த்தான். ஏதோ தப்புச் செய்துவிட்டு நிற்கிறவனைப் போல அந்தக் கால் இன்னொரு காலின் பின்னால் ஒளிந்தது.

“அதுக்கு இன்னொரு துடிப்பைக் கத்துக் கொடுங்களேன்,” என்றான் சகாயம். “ஒரு மோட்டார் வெச்சுத் தட்டினா?”

“மெஷினை ஏத்துக்காது சார். ஏத்துக்கிட்டா ஊர்ல பாதிப் பேருக்கு கிரைண்டர் வேகத்துல நெஞ்சு ஓடும். உயிருள்ளது ஒவ்வொரு அடியிலயும் துளித்துளி மாறும். அந்த மாத்தம் இருந்தாத்தான் நம்பும். உங்க காலைப் பதிவு பண்ணிப் போட்டாலும் ரெண்டாவது சுத்துல கண்டுபிடிச்சுடும்.”

“வெளிய எடுத்துட்டு வேற வெச்சா?”

“டாக்டர் இந்த வயசுல தொடவே மாட்டேங்கறார்.”

“அப்ப நான் ஆயுசுக்கும் மிதிக்கணுமா?”

“ஐயோ, இல்ல சார்! ஆன்ட்டி ஒரு மாசம் அங்கிள் பக்கத்துல படுத்தா போதும். மெல்ல அவங்க துடிப்புக்கு மாறிடும். பால்குடி மறக்கிற மாதிரி. அதுவரைக்கும் நீங்க டிபனுக்கு முந்தி ஒரு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வேளை. நிதானமா, ஒரே வேகத்துல. ஜாலம் எதுவும் வேணாம்.”

“மாத்திரை மாதிரி,” என்றாள் ரெஜினா.

“அதேதான்க்கா.”

அப்போதுதான் பங்கஜவல்லி அந்தக் காரியத்தைச் செய்தாள். அதுவரை சுவரோரம் நின்றவள், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மடங்கி, சகாயத்தின் காலில் விழுந்தாள். இரண்டு காலிலும் அல்ல. சரியாகப் பார்த்து வலது காலில்.

“ஐயோ அம்மா! எழுந்திருங்க! உங்க வயசு என்ன, என் வயசு என்ன!”

“அவர் உசுரு இதுலதான் இருக்குன்னு இந்தப் பொண்ணு சொல்லுது தம்பி. நான் வேற எங்க போய் விழறது?”

சகாயம் மெத்தையை இழுத்து எறிந்தான். பாதிப் பந்துகள் நாலாபக்கமும் சிதறின. ஒரு மாதம்தானே என்று நினைத்தான்.

ஒரு மாதத்தில் கோதண்டம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிமிர்ந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்தார். கீழேயிருந்து மேலே.

“தம்பி, இன்னிக்குக் கொஞ்சம் தள்ளாட்டமா இருக்கே. சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன் சார்.”

“என்ன சாப்பிட்டீங்க?”

“கருவாட்டுக் குழம்பு.”

“அதான் மந்தமா இருக்கு. நாளைலேருந்து லேசா ஏதாவது சாப்பிடுங்க.”

இப்படி ஆரம்பித்தது. சகாயம் என்ன சாப்பிட வேண்டும், எப்போது எழ வேண்டும், படியேறும்போது ஏன் நின்று நின்று ஏற வேண்டும் என்பதையெல்லாம் கோதண்டம் கவனித்துக்கொண்டார். வலது காலுக்கு மட்டும் ஒரு நல்ல செருப்பு வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசித்து, கடைக்காரன் ஒற்றைச் செருப்பு தர மறுத்ததால் விட்டுவிட்டார். ஒரு நாள் சகாயத்துக்குக் காய்ச்சல். ரெஜினா உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். உடனே கீழேயிருந்து போன் வந்தது. தம் நெஞ்சின் மேல் ஒரு நாய் நடந்துபோகிறது என்றார் கோதண்டம். சகாயம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் இடமில்லாமல் போயிற்று. சண்டை போட்டால் கால் படபடக்கும். கால் படபடத்தால் போன் வரும்.

“தம்பி, வீட்டுல ஏதாவது மனஸ்தாபமா? எனக்கு ஒரு மாதிரி இருக்கு.”

ரெஜினா போனைப் பிடுங்கினாள். “எங்க வீட்டுச் சண்டைய உங்கள கேட்டுத்தான் போடணுமா சார்?”

“போடாம இருந்தா நல்லதும்மா.”

அன்று அவள் தட்டைத் தரையில் அடித்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தாள், ஆனால் அதற்குப் பிறகு அவனோடு அதிகம் பேசவில்லை. சண்டை போடக்கூட முடியாத வீட்டில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

அவள் இல்லாத அந்த நாளில் சகாயம் ஒரு காரியம் செய்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிதானத்தைத் தூக்கிக் கடாசிவிட்டு, நல்ல குத்துப் பாட்டு ஒன்றை முழு வேகத்தில் வாசித்தான். கையும் காலும் பறந்தன. போன் ஒளிர்ந்தது.

“தம்பி,” என்று கோதண்டத்தின் குரல் இளைத்தது, “நான் நாற்காலியில உக்காந்துதான் இருக்கேன். ஆனா ஓடிக்கிட்டு இருக்கேன்.”

சகாயம் இன்னும் நான்கு அடி அடித்துவிட்டுத்தான் நிறுத்தினான். அந்த நான்கு அடியும் அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தன. அதனால்தான் பயந்துபோனான். மறுபடி அவன் வேகமாக வாசிக்கவில்லை.

மாதம் ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாயிற்று. துணைவன் பங்கஜவல்லியின் பக்கம் திரும்பவே இல்லை. நிலோஃபர் வந்து வந்து, கோதண்டத்தைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தாள், கருவியைத் தட்டினாள், தலையைச் சொறிந்தாள்.

“ஆன்ட்டி, தினம் பக்கத்துலதானே படுக்கறீங்க?”

“ஆமாம்மா.”

“எங்க கம்பெனிக்கே இது புதுசு. உங்க துடிப்பு ரொம்ப மெலிசு போல. இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்.”

அந்த ஒரு மாதத்துக்குள்தான் மகபூப் அண்ணன் கூப்பிட்டார். சகாயத்தின் பழைய வாசிப்பை யாரோ பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். “நீதான்டா வேணும். தையில கிளம்பறோம்,” என்றார். சகாயம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்க இறங்கி ஓடி, தெருமுனைக் கடையில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான்.

செய்தி எப்படியோ கசிந்தது. சங்கம் அவசரப் பொதுக்குழுவைக் கூட்டியது. முன்பு சகாயம் சத்தம் போடக் கூடாது என்று தீர்மானம் போட்ட அதே ஆட்கள், இப்போது சகாயம் சத்தம் போடாமல் இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். முதல் தீர்மானமும் அப்படியே செல்லும் என்று கோதண்டம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கைதட்டினால் மானியில் ஏறும் என்பதால் எல்லோரும் கையை உயர்த்தி ஆட்டினார்கள்.

“நான் போவேன்,” என்றான் சகாயம். “மூணு வாரம். அதுக்குள்ள அம்மாவோட துடிப்புக்கு மாறிடும்னு நிலோஃபர் மேடம் சொல்றாங்க. மாறலன்னா அது என் தப்பா?”

பங்கஜவல்லி எழுந்து வந்து, அத்தனை பேர் முன்னாலும், மறுபடி அவன் வலது காலில் விழுந்தாள். சகாயம் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் பிடி இரும்புப்பிடியாக இருந்தது.

அப்படியும் அவன் ஒத்திகைக்குப் போனான். காலை வேளையை மிதித்து முடித்துவிட்டு, மத்தியான வேளைக்குள் திரும்புவதாக ஏற்பாடு. வடபழனியில், சத்தம் வெளியே போகாத ஒரு கூடத்தில் நிஜ டிரம்ஸ் காத்திருந்தது. சகாயம் அதன் முன்னால் உட்கார்ந்தபோது கண் கலங்கியது. மகபூப் அண்ணன் கையசைத்தார். பாட்டு கிளம்பியது. வேகமான பாட்டு.

கைகள் பாட்டோடு போயின. கால் போகவில்லை.

அது தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது. நிதானமாக, சாப்பாட்டுக்குப் பின் சாய்ந்திருக்கும் ஒரு கிழவரின் நெஞ்சைப் போல. சகாயம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். நாலடி ஓடும், ஐந்தாவது அடியில் பழைய நடைக்கு வந்துவிடும். கீபோர்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். பாடகி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மகபூப் அண்ணன் பாட்டை நிறுத்தினார். “சகாயம், பாட்டு ஓடுது. நீ நடக்கிறியே.”

“கால் கேக்க மாட்டேங்குதுண்ணே.”

“கால் உன்னுதுதானேடா?”

சகாயம் குனிந்து காலைப் பார்த்தான். மறுபடி வாசித்தார்கள், மறுபடி நிறுத்தினார்கள். மகபூப் அண்ணன் நல்லவர், திட்டவில்லை. தோளில் கைபோட்டு வாசல்வரை கூட்டிவந்து, “உடம்பைப் பார்த்துக்க, அடுத்த வாட்டி பார்க்கலாம்,” என்றார். அந்தத் தொழிலில் அடுத்த வாட்டி என்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். சகாயம் மத்தியான வேளைக்குச் சரியாக வீடு வந்து சேர்ந்து, பெடலில் காலை வைத்தான்.

தை பிறந்தது. குழு வேறொரு பையனோடு விமானம் ஏறியது. அந்த வாரத்தில்தான் பெடலின் ஸ்பிரிங் அறுந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கடைக்குப் போய் ஸ்பிரிங் வாங்கி வந்து மாட்ட நேரமாகும். போனில் சொன்னால் கோதண்டம் அந்தப் பதற்றத்திலேயே போய்விடுவார் என்று பயந்து, சகாயம் தானே கீழே இறங்கினான். ‘அமைதி காக்கவும்’ பலகைக்குக் கீழே கதவு ஒருக்களித்திருந்தது. இத்தனை மாதத்தில் அந்த வீட்டுக்குள் அவன் நுழைந்ததே இல்லை. இதயத்துக்குள் இருந்தவனுக்கு வீட்டுக்குள் வர அழைப்பு வரவில்லை.

உள்ளறையில் கோதண்டம் கண்மூடிப் படுத்திருந்தார். அது நூலகத்தில் காவலாளி சாய்ந்துகொள்ளப் போடுவது போன்ற ஒற்றைக் கட்டில். அவர் ஒரு தடவை புரண்டால் தரையில் விழுவார். கட்டிலின் மூன்று பக்கமும் இடுப்பளவுக்குப் பழைய வாரப் பத்திரிகைகள் அடுக்கியிருந்தன. அடுக்குகளின் மேல் தூசி அசையாமல் படிந்திருந்தது. பக்கத்தில் ஒரு பூனை படுக்கக்கூட இடமில்லை.

கூடத்தில், அறைக்கு எவ்வளவு தூரத்தில் படுக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில், வாசல் கதவோரமாக, பங்கஜவல்லியின் பாயும் தலையணையும் விரித்திருந்தன. அவள் பாயில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள். அவன் எதைப் பார்த்தான் என்பதையும் பார்த்தாள். கீரைத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, “வெளிய வா தம்பி,” என்றாள்.

படிக்கட்டு முனையில் நின்றார்கள். ஸ்பிரிங் அறுந்ததைச் சொல்லிவிட்டு, சத்தமானிக்குக் கேட்காத குரலில் சகாயம் கேட்டான்.

“அம்மா, பக்கத்துல படுக்கச் சொன்னாங்களே.”

“சொன்னாங்க.”

“படுக்கறேன்னீங்களே.”

“படுக்கலை.”

“ஒரு நாள் கூடவா?”

“ஒரு நாள் கூட இல்ல.”

அவள் அதைக் கடையில் ‘சில்லறை இல்லை’ என்று சொல்வது போலச் சொன்னாள்.

“ஏம்மா? ஒரே ஒரு மாசம்! நான் மலேசியா போயிருப்பேன்மா. என் கால்... என் வீட்டுக்காரி என்னோட பேசறதில்ல. எல்லாம் போச்சு. ஒரு மாசம் நீங்க...”

“நான் குறட்டை விடுவேன் தம்பி,” என்றாள் பங்கஜவல்லி.

“குறட்டையா?”

“கல்யாணமான புதுசுலேருந்தே. அவருக்குச் சத்தம் ஆகாது. எழுப்பி விடுவார். அப்புறம் எழுப்பி உக்கார வெச்சுடுவார், அவர் தூங்கற வரைக்கும் நான் தூங்கக் கூடாது. பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு சம்பந்தி வீட்டுல பதினஞ்சு பேர் வந்திருந்தாங்க. பாயசம் பரிமாறிட்டு இருக்கேன். ‘எங்க வீட்டு மெல்லிசையைக் கேக்கறீங்களா’ன்னு சொல்லிட்டு, வாயைத் திறந்து, நான் குறட்டை விடற மாதிரியே விட்டுக் காமிச்சார். விசில் வரும் பாரு கடைசில, அதோட. எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்ணும் சிரிச்சா. அன்னிக்கு சத்தம் அவருக்குத் தொந்தரவா இல்ல.”

கீழே யாரோ செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்கள். அவள் அவர்கள் கடந்து போகும்வரை காத்திருந்தாள்.

“அன்னிக்கு ராத்திரி பாயை எடுத்துக்கிட்டு கூடத்துக்கு வந்தேன். யாரும் திரும்பிக் கூப்பிடலை, இன்னி வரைக்கும். நல்லாத் தூங்கினேன் தம்பி. பொறந்ததுலேருந்து அப்படித் தூங்கினதில்ல. என் நெஞ்சு எனக்குன்னு அடிச்சுக்கிட்டுக் கிடக்கு, ஓரமா. இப்ப அதையும் அவருக்குக் குடுன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. குடுக்க மாட்டேன்.”

“அப்ப எதுக்கும்மா என் கால்ல விழுந்தீங்க? போறவர் போகட்டும்னு விட்டுடலாமே!”

பங்கஜவல்லி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். “ஐயையோ! என்ன வார்த்தை சொல்றே? தாலி கட்டினவர். அவர் நல்லா இருக்கணும். வெள்ளிக்கிழமை தவறாம வெளக்கேத்தறேன், தெரியுமா? என் பக்கத்துல வேணாம், அவ்வளவுதான்.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: “உன் கால்ல விழறது ஒரு நிமிஷ வேலைப்பா. அவர் பக்கத்துல படுக்கறது ராத்திரி பூரா.”

சகாயத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அது போய் நிற்க ஒரு இடம் அகப்படவில்லை. உள்ளே படுத்திருப்பவரின் மேல் நிறுத்தலாமென்றால் அவர் நெஞ்சு இவன் காலடியில் இருக்கிறது. இவள் மேல் நிறுத்தலாமென்றால் காதில் அந்தப் பதினைந்து பேரின் சிரிப்பு கேட்கிறது. அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதுவும் அவளிடம் கற்றது. இடுப்பை மடக்கி, படிக்கட்டின் தூசியில் முழங்காலிட்டு, அவள் காலில் விழுந்தான்.

“ஒரு மாசம்மா,” என்றான். “ஒரே ஒரு மாசம்.”

பங்கஜவல்லி காலைப் பின்னுக்கு இழுக்கவில்லை. பதறவும் இல்லை. காலில் விழும் சிறியவர்களுக்குப் பெரியவர்கள் செய்வது போல, குனிந்து அவன் தலையில் கீரைப் பச்சை படிந்த கையை வைத்தாள். சரி என்று சொல்லவில்லை.

“நூறு வயசு நல்லா இருப்பா,” என்றாள்.

மனதாரத்தான் சொன்னாள். அந்தக் கட்டடத்தில் அவன் ஆயுளுக்காக அவ்வளவு மனதார வேண்டிக்கொள்ள வேறு யாருமே இல்லை.

உள்ளேயிருந்து கோதண்டம் இருமினார். “பங்கஜம், மேல என்ன, இன்னும் ஆரம்பிக்கலை?”

“ஸ்பிரிங் வாங்கப் போயிருக்கான்,” என்று கதவுக்குள் குரல் கொடுத்துவிட்டு அவள் சகாயத்தின் பக்கம் திரும்பினாள். “போய்ட்டு வெரசா வந்துடு தம்பி. ரெண்டா வாங்கி வெச்சுக்கோ.”

சகாயம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.